ரெசின் தொட்டியில் தண்ணீர் எங்கே மாட்டிக்கொள்கிறது? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

பார்த்தால் கருங்கல் தொட்டி, தூக்கினால் ஒற்றைக் கையில் வந்துவிடும். ரெசின் தொட்டியில் எல்லோரும் மயங்குவது அதில்தான். நானும் அப்படி மயங்கித்தான் முதல் தொட்டியை வாங்கினேன். செம்பருத்தி ஒன்றை வைத்து, மழைக்காலம் முழுக்க வெளியில் விட்டிருந்தேன். இலை மஞ்சளானது, உரம் வைத்தேன். இன்னும் மஞ்சளானது, இன்னும் கொஞ்சம் உரம் வைத்தேன். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் தொட்டியைச் சாய்த்தால், விளிம்பு வழியாகக் கறுப்புத் தண்ணீர் வழிகிறது. அழுகிய முட்டை நாற்றம். திருப்பிப் பார்த்தால் அடியில் காசு அளவில் ஐந்து வட்டங்கள், அச்சுக் குத்தியது மாதிரி. வட்டம் மட்டும்தான் இருந்தது, ஓட்டை இல்லை. வேண்டுபவர்கள் துளைத்துக்கொள்ளட்டும் என்று விட்ட அடையாளம் அது. மண் போடுவதற்கு முன் நான் திருப்பியே பார்க்கவில்லை.

அதன் பிறகு எத்தனையோ தொட்டிகள் கைமாறிவிட்டன. ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது: ஓட்டை இருப்பது வேறு, தண்ணீர் வடிவது வேறு. ஊற்றிய தண்ணீர் மேல்மண்ணில் இறங்க வேண்டும், கலவையைக் கடக்க வேண்டும், ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும், கடைசியாகத் தொட்டியின் அடியை விட்டே விலகிப் போக வேண்டும். இந்த நாலில் எங்கே மாட்டினாலும் செடி ஒரே மாதிரிதான் வாடும். வைத்தியம்தான் இடத்துக்கு இடம் மாறும்.

'ரெசின்' என்று ஒரே பெயரில் பல பொருள்கள் விற்கின்றன. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் போன்ற சாதாரண பிளாஸ்டிக் ஒரு வகை. கண்ணாடி இழையைப் பசையில் தோய்த்து வார்த்தது இன்னொரு வகை. கல்பொடி கலந்து வார்த்தது மூன்றாவது. துளைக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம், அதைக் கீழே சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: சுவர் மூச்சு விடாது. சுட்ட மண் தொட்டி தன் உடம்பு வழியாகவே ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ரெசின் தொட்டியில் தண்ணீருக்கு இலை, மேல்மண், அடி ஓட்டை மூன்றுதான் வழி. மண் தொட்டிக்கு ஊற்றிப் பழகிய கையோடு இதற்கும் ஊற்றினால் முதல் மாதமே தகராறுதான்.

## மருந்துக்கு முன் மூன்று சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த மூன்றையும் முதலில் செய்துவிடுங்கள்.

முதலில் அடியைப் பாருங்கள். சிறிய தொட்டி என்றால் சாய்த்துப் பார்க்கலாம். பெரியது என்றால் செல்போன் டார்ச்சைத் தரையோடு ஒட்டி வைத்து, தொட்டிக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று குனிந்து பாருங்கள். வெளிச்சம் அந்தப் பக்கம் வரவில்லை என்றால் தொட்டி தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. சந்தேகப் பட்டியலில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து குச்சி. சீவிய மூங்கில் குச்சி ஒன்றை விளிம்பை ஒட்டி அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். எந்த இடம்வரை காய்ந்திருக்கிறது, எங்கிருந்து நிறம் கறுத்திருக்கிறது என்று பார்த்தால் தொட்டிக்குள் நடப்பது தெரிந்துவிடும். நுனியை முகர்ந்தும் பாருங்கள். மண்வாசனை வந்தால் கவலையில்லை. சாக்கடை வாடை வந்தால் கீழே காற்றே இல்லை என்று அர்த்தம்.

கடைசியாக எடை. தண்ணீர் ஊற்றிய அன்று ஒருமுறை, இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை தொட்டியை லேசாக அசைத்துப் பாருங்கள். தொட்டிக்கென்று பெரிய எடை இல்லாததால் கைக்குத் தெரியும் மாற்றம் முழுக்கத் தண்ணீரின் மாற்றம்தான். எடையில் வித்தியாசமே தெரியவில்லை என்றால் உள்ளே போனது உள்ளேயே இருக்கிறது.

## அடியில் ஒரு சொட்டும் வருவதில்லை

நன்றாக ஊற்றி அரை மணி நேரம் ஆன பிறகும் அடி காய்ந்தே இருந்தால், கலவையைச் சந்தேகிக்க வேண்டாம். ஓட்டையைத் தேடுங்கள்.

முதல் வகை என் கதைதான்: ஓட்டையே இல்லை, வெறும் அடையாளம். சிலவற்றில் ஓட்டை இருக்கும், ஆனால் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். வீட்டுக்குள் வைப்பவர்கள் தரை நனையாமல் வைத்துக்கொள்ள அந்த மூடி. வெளியில் வைக்கும் தொட்டியில் அதற்கு வேலையே இல்லை, பிடுங்கி எறியுங்கள்.

இரண்டாவது வகை பல பேரை ஏமாற்றியிருக்கிறது. விளிம்பு தடிமனாகத் தெரியும் பல தொட்டிகளுக்கு உண்மையில் இரட்டைச் சுவர். உள்ளே ஒரு வாளி, வெளியே ஒரு கூடு, நடுவில் வெற்றிடம். அடியிலிருந்து துளைத்தவர் வெளிக்கூட்டை மட்டும் துளைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் அழகான ஓட்டை. குச்சியை விட்டால் ஈரமண் தட்டுப்படாது, வழுவழுவென்று பிளாஸ்டிக்தான் தட்டும். இதற்கு நேர்மாறாக, உள்வாளியில் மட்டும் ஓட்டை இருந்தால் தண்ணீர் இரண்டு சுவருக்கும் நடுவே சேர்ந்துகொண்டே போகும். தொட்டியை ஆட்டினால் இளநீரை ஆட்டுவது போல் உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்கும். உறைபனி விழும் ஊர்களில் இது செடியோடு நிற்காது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் சுவரே பிளந்துவிடும். இரண்டு சுவரையும் ஒரே நேர்கோட்டில் துளைப்பதுதான் வழி. வெளி ஓட்டையை உள் ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தால், சொட்டும் தண்ணீர் நடுவில் தங்காமல் நேராக விழும்.

மூன்றாவது, தண்ணீரைத் தேக்கித் தானே உறிஞ்சிக் கொடுக்கும் வகை. அதில் கீழே ஒரு தண்ணீர் அறையும் பக்கவாட்டில் ஒரு வழிவு ஓட்டையும் இருக்கும். வெயில் காலத்தில் அருமையான ஏற்பாடு. மழையில் திறந்தவெளியில் வைத்தால் அந்த அறை எப்போதும் நிரம்பியே இருக்கும், வேருக்கு மூச்சு முட்டும். மழைக்காலத்தில் அடி மூடியைத் திறந்து விடுங்கள். மூடியே இல்லாத தொட்டி என்றால் கூரைக்கடியில் நகர்த்துங்கள்.

நான்காவது, பழைய தொட்டி. நேற்றுவரை வடிந்தது, இப்போது வடியவில்லை என்றால் வேர் ஓட்டையில் அடைத்திருக்கும். கீழிருந்து கம்பியால் குத்தினால் தற்காலிகமாகத் திறக்கும். அந்தச் செடிக்கு உண்மையில் பெரிய தொட்டி வேண்டும்.

சரி, துளைக்கவேண்டி வந்தால் எப்படித் துளைப்பது? தொட்டி காலியாக இருக்கும்போது கவிழ்த்து வையுங்கள். உள்ளே அடிக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு மரக்கட்டை இருந்தால் பிளாஸ்டிக் அதிர்ந்து பிளக்காது. துளைக்கும் இடத்தில் காகித டேப் ஒட்டுங்கள், பிட் வழுக்காது. முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டால் சிறு துளை, அப்புறம் படிப்படியாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை. டிரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் நூல் நூலாகச் சுற்றிக்கொள்ளும். அழுத்த வேண்டாம், டிரில்லின் எடையே போதும். கல்பொடி கலந்த தொட்டிக்கும் கண்ணாடி இழைத் தொட்டிக்கும் சுவர் துளைக்கும் கார்பைடு பிட்டைப் போடுங்கள், ஆனால் சுத்தியல் போல் இடிக்கும் விசையை அணைத்துவிட வேண்டும். இடி விழுந்தால் அடி துண்டாக வந்துவிடும். கண்ணாடி இழைத் தூள் தோலில் அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள்.

எத்தனை ஓட்டை? 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டிக்கு நாலைந்து போதும். பெரியதற்கு ஏழெட்டு. எண்ணிக்கையைவிட இடம் முக்கியம்: அடியிலேயே பள்ளமான இடத்தில் துளைக்க வேண்டும். பல தொட்டிகளின் அடி நடுவில் மேடாகவும் ஓரத்தில் பள்ளமாகவும் இருக்கும். நடுவில் மட்டும் துளைத்தால் ஓரத்தில் ஒரு வளையமாகத் தண்ணீர் நிற்கும். சூடு பண்ணிய கம்பியால் குத்துபவர்களும் உண்டு. வெறும் பிளாஸ்டிக்கில் நடக்கும், ஆனால் அந்தப் புகையை சுவாசிப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஓட்டையும் கோணல்மாணலாக வரும்.

## ஓட்டை இருக்கிறது, ஆனால் அழுது வடிகிறது

ஓட்டையில் பிசகில்லை, ஆனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. தொட்டியை ஒரு பக்கம் ஒரு விரல் உயரம் தூக்கிப் பாருங்கள். சட்டென்று ஒரு குவளை தண்ணீர் ஓடிவந்தால் குற்றவாளி தரைதான். வழவழப்பான தரையும் வழவழப்பான அடியும் சேர்ந்து ஓட்டையை மூடி போட்டது போல் அடைத்துக்கொள்கின்றன. மூன்று இடத்தில் ஓட்டுத் துண்டோ ரப்பர்க் கட்டையோ வைத்து, 1 முதல் 2 சென்டிமீட்டர் உயர்த்தினால் தீர்ந்தது. நாலு கால் வைப்பதைவிட மூன்று கால் நல்லது, ஆடாமல் நிற்கும். அகலமான தொட்டி என்றால் நடுவிலும் ஒரு முட்டு கொடுங்கள், இல்லையென்றால் அடி தொங்கிப் பள்ளமாகிவிடும்.

தூக்கியும் மாற்றமில்லை என்றால் ஓட்டைக்கு மேலே ஏதோ அடைக்கிறது. கீழே நெருக்கமான துணி விரித்திருந்தால் நுண்மண் படிந்து அது தோலாக மாறியிருக்கும். ஓட்டுச் சில்லைக் குழிவு மேல்நோக்கி வைத்திருந்தாலும் இதே கதை. கொசுவலைத் துண்டு ஒன்றை ஓட்டைமேல் போட்டால் போதும். மண் போகாது, தண்ணீர் போகும்.

## மேலே காய்ந்திருக்கிறது, அடியில் சேறு

ரெசின் தொட்டியில் அதிகம் செடி சாவது இதனால்தான் என்பேன். மேல்மண் வெடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஊற்றுகிறோம், கீழே வேர் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஓட்டை சரி, தரை சரி, அப்புறம் ஏன்?

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் உள்ளங்கையில் படுக்கவைத்துப் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். இனி சொட்டாது என்று தெரிந்தபின், அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி சொட்ட ஆரம்பிக்கும். அதுவும் நின்ற பிறகு விரலால் தடவிப் பாருங்கள்: மேல்பாதி வெறும் ஈரம், கீழ்நுனி மட்டும் சொதசொத. உங்கள் தொட்டிக்குள் நடப்பது இதேதான். மண்ணின் நுண்துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடிக்கின்றன, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரம்வரை மண்ணின் பிடிதான் ஜெயிக்கும். அந்தத் தண்ணீர் ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெளியே வராது.

இதில் இரண்டு சங்கதி. அந்த ஈர அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள் அளவு. பொடியாக இருந்தால் உயரம் கூடும், கரடுமுரடாக இருந்தால் குறையும். தொட்டியின் உயரம் அதை மாற்றாது. ஒரே கலவையில் 5 சென்டிமீட்டர் ஈர அடுக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் அது ஆறில் ஒரு பங்கு, வேர் மேலே பிழைத்துக்கொள்ளும். 12 சென்டிமீட்டர் தட்டைத் தொட்டியில் ஏறக்குறைய பாதி. தட்டையான, அகலமான தொட்டிகளில் செடி சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது சங்கதி, அடியில் கூழாங்கல் போடும் பழக்கம். வடிகாலுக்கு என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பது. சொல்பவர்களோடு சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது. நுண்மண்ணிலிருந்து கல் இடைவெளிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் நனைந்து தாங்க முடியாத நிலை வந்தால்தான் இறங்கும். ஆக ஈர அடுக்கு காணாமல் போவதில்லை, கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 10 சென்டிமீட்டர் கல் போட்டால் வேருக்குக் கிடைத்த உயரத்தில் 10 சென்டிமீட்டர் போச்சு. ஓட்டைமேல் கொசுவலை, அதன்மேல் நேராகக் கலவை. அவ்வளவுதான்.

அப்படியென்றால் திருத்த வேண்டியது கலவை. தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் போடுவதை முதலில் விடுங்கள். நிலத்தில் மண்புழுவும் ஆழமும் செய்யும் வேலையைத் தொட்டிக்குள் செய்ய ஆளில்லை, நாலு மாதத்தில் இறுகி செங்கல்லாகிவிடும். நான் போடுவது: கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மிளகிலிருந்து பட்டாணி அளவுள்ள கரடான பொருள் ஒரு பங்கு. கரடான பொருளுக்குப் பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைக் கல்), நுரைக்கல், மக்கிய மரப்பட்டைத் துண்டு என்று கைக்கு எது கிடைக்கிறதோ அது. ஒரு கைப்பிடி பெர்லைட்டைத் தூவிவிட்டுப் பலன் எதிர்பார்க்காதீர்கள். கலவையில் கால் பங்காவது இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். பொடி மணல் வேண்டவே வேண்டாம், அது இருக்கிற இடைவெளியையும் அடைக்கும்.

கலவை தேறுமா என்று தொட்டியை நிரப்பும் முன்பே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் டப்பாவின் அடியில் நாலு ஓட்டை போட்டு டேப்பால் அடையுங்கள். கலவையை நிரப்பி இரண்டு தட்டுத் தட்டி, மேலே தண்ணீர் மினுமினுக்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். குமிழி அடங்கியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் ஊறட்டும். பிறகு டேப்பைக் கிழித்து, வடியும் தண்ணீரை அளவுக் குவளையில் பிடியுங்கள். 150 முதல் 200 மில்லி வந்தால் அந்த இடமெல்லாம் இனி காற்றுக்கு, நல்ல கலவை. 100 மில்லிக்குக் கீழே வந்தால் கரடான பொருளைக் கூட்டி மறுபடி பாருங்கள். இந்தச் சோதனையை நான் எந்தப் புதுக் கலவைக்கும் தவறவிடுவதில்லை. மூட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

செடி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, இப்போது மாற்ற முடியாது என்றால் ஒரு தற்காலிக உபாயம். தொட்டியை ஒரு பக்கம் நன்றாகச் சாய்த்து, ஓட்டை ஒன்று கீழ்மூலையில் வருமாறு ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். நிமிர்த்தி வைத்த ஸ்பாஞ்சு போல இன்னும் கொஞ்சம் தண்ணீர் வடியும். பருத்தித் திரி ஒன்றை ஓட்டை வழியாக மண்ணுக்குள் செருகி, மறுநுனியைக் கீழே தொங்கவிட்டாலும் ஈரத்தை இழுத்துக் கொட்டும்.

சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். குடிக்க வேர் இல்லாத மண் நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும். இருக்கும் தொட்டியைவிட 3 முதல் 5 சென்டிமீட்டர் மட்டும் அகலம் கூடியதற்கு மாற்றுவது பாதுகாப்பு.

## ஊற்றிய வேகத்தில் அடியில் ஓடிவிடுகிறது, செடியோ வாடுகிறது

வடிகால் அபாரம் என்று சந்தோஷப்பட வேண்டாம். மேல்மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரிகிறதா பாருங்கள். கோகோபீட்டும், சதுப்புநிலப் பாசி மக்கி உண்டான பீட்டும் முழுக்கக் காய்ந்தால் சுருங்கும், தண்ணீரையும் எளிதில் ஒட்டவிடாது. ஊற்றியது எல்லாம் சுவரோரமாக இறங்கி வெளியேறிவிடும், நடுவில் வேர்ப்பந்து தூள் பறக்கக் காய்ந்திருக்கும். அந்த நேரத்தில் தொட்டியைத் தூக்கினால் இறகு மாதிரி வரும்.

மேலிருந்து ஒரேயடியாக ஊற்றி இதைச் சரிசெய்ய முடியாது. அகலமான தொட்டியிலோ அண்டாவிலோ தண்ணீர் நிரப்பி, செடித்தொட்டியைப் பாதி உயரம்வரை முக்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். மேல்மண் கறுத்ததும் எடுத்து நன்றாக வடியவிடுங்கள். முக்க முடியாத பெரிய தொட்டி என்றால், குச்சியால் பத்துப் பதினைந்து இடத்தில் குத்தி, ஒரு குவளை ஊற்றி பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒரு குவளை என்று நாலைந்து தவணையில் ஊற்றுங்கள். முதல் குவளையில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்புத் திரவம் கலந்தால் தண்ணீர் சீக்கிரம் ஒட்டும்.

## தண்ணீர் மேலேயே குளம் கட்டுகிறது

குச்சியை அடிவரை செருகி எடுங்கள். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் குடுகுடுவென்று இறங்கினால் மேல்மண் இறுகியிருக்கிறது. கிளறிவிட்டு, அடுத்த முறை ஊற்றும்போது ஒரே இடத்தில் குழாயைப் பிடிக்காமல் பூவாளியால் ஊற்றுங்கள். குச்சித் துளையும் நிரம்பி நிற்கிறது என்றால் அடைப்பு மேலே இல்லை. ஓட்டையைப் பற்றி முன்னால் சொன்ன இரண்டு பகுதிகளையும் மறுபடி பாருங்கள்.

## மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவள்கிறது

ஈரமண், துவண்ட இலை இரண்டும் சேர்ந்து வந்தால் தண்ணீர் ஊற்றுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். வேர் அழுகிக்கொண்டிருக்கலாம். காற்றில்லாத ஈரத்தில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற கிருமிகள் வேரைத் தின்னும், தின்ற வேரால் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால்தான் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே தாகத்தில் துவள்கிறது.

செடியை வெளியே எடுத்து ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவுங்கள். நல்ல வேர் வெளுப்பாகவோ இளம்பழுப்பாகவோ, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரின் தோல் உறை போலக் கழன்று விரலோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. அழுகியதை எல்லாம் சுத்தமான கத்திரியால் வெட்டி, மேலே கிளையையும் அதே விகிதத்தில் குறைத்து, புதுக் கலவையில், மிஞ்சிய வேர் அளவுக்குச் சின்னத் தொட்டியில் வையுங்கள். பழைய கலவையை வேறு தொட்டியில் போடாதீர்கள். ரெசின் தொட்டியைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தால் மறுபடி பயன்படுத்தலாம். சுவர் எதையும் உறிஞ்சாது என்பது இந்த ஒரு இடத்தில் நமக்குச் சாதகம். வேரில் பாதிக்குமேல் போய்விட்டால், ஆரோக்கியமான கிளை ஒன்றை வெட்டி நட்டு வேர்பிடிக்க வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

## மதியம் மட்டும் வாடி, சாயங்காலம் தெளிகிறது

இது வடிகால் பிரச்சினையாக இருக்காது, சூடு. தொட்டியின் மேற்குப் பக்கச் சுவரில் மூன்று மணிவாக்கில் கையை வையுங்கள். கையை எடுக்கத் தோன்றினால், உள்ளே அந்தச் சுவரை ஒட்டிய வேருக்கு எடுக்க வழியில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெரும்பாலான செடிகளின் வேர்நுனி பாதிக்கப்படும். கறுப்பு, அடர்பழுப்புத் தொட்டிகள் வெயிலில் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். வெளிர்நிறத் தொட்டி, இரட்டைச் சுவர்த் தொட்டி, இல்லையென்றால் முன்னால் சின்னத் தொட்டிகளை வரிசையாக நிறுத்தி நிழல் கொடுப்பது. மூன்றில் எது முடியுமோ அது. வாடியதைப் பார்த்துப் பதறி மதியத்தில் ஊற்ற வேண்டாம், குச்சி காய்ந்து வந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

## மண்மேல் வெள்ளைப் பூச்சு, பாசி, சின்ன ஈ

வெள்ளைப் பூச்சு உப்பு. உரத்திலும் தண்ணீரிலும் இருந்து வந்தது, வடிந்து வெளியேறாமல் மேலே படிகிறது. இலை நுனி கருகியிருந்தால் அதுவும் இதன் வேலைதான். மேலடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். வடிகால் சரியாக இருந்தால் மட்டுமே இந்தக் கழுவலைச் செய்யலாம். கோகோபீட்டைக் கழுவாமல் போட்டவர்களுக்கு இது முதல் மாதத்திலேயே வரும்.

பாசியும், மண்ணைக் கிளறினால் பறக்கும் குட்டி ஈயும் மேல்மண் காயவே இல்லை என்பதற்குச் சாட்சி. மேலே 2 முதல் 3 சென்டிமீட்டர் காயும்வரை ஊற்றாமல் இருந்தால் மண்ணுக்குள் இருக்கும் ஈயின் புழுக்கள் செத்துவிடும். பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை. தொட்டிக்கடியில் தட்டு வைத்திருந்தால் மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வாரத்துக்கு ஒருமுறையாவது கவிழ்த்துக் கொட்டுங்கள். கொசு முட்டையிலிருந்து கொசுவாக வெதுவெதுப்பான பருவத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும்.

## தொட்டியே வெளிறுகிறது, வயிறு தள்ளுகிறது, விரிசல் விடுகிறது

சுவரை விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டுகிறதா? புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலைச் சிதைத்திருக்கிறது. திரும்பக் கொண்டுவர வழியில்லை. பிளாஸ்டிக்குக்கான பெயின்ட் அடித்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். இந்த நிலைக்கு வந்த தொட்டியை மண்ணோடு தூக்காதீர்கள், விளிம்பு கையோடு வந்துவிடும்.

வயிறு தள்ளுவது எடையால். 40 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உருளைத் தொட்டி சுமார் 50 லிட்டர் பிடிக்கும். நனைந்த கலவை லிட்டருக்குச் சுமார் ஒரு கிலோ என்று வைத்தாலும் 50 கிலோ, தோட்டத்து மண் என்றால் இன்னும் அதிகம். மெல்லிய பாலிபுரோப்பிலீன் சுவர் வெயிலில் இளகி, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வளையும். வடிகால் சரியில்லாத தொட்டி எப்போதும் முழு எடையில் நிற்பதால் சீக்கிரம் வளைகிறது. நகர்த்தவேண்டி வந்தால் விளிம்பைப் பிடித்து இழுக்காமல் அடியில் சாக்கை நுழைத்து இழுங்கள், அல்லது முதலிலேயே சக்கரப் பலகையில் வையுங்கள். பலகையில் இடைவெளி இருக்க வேண்டும், முழுப்பலகை ஓட்டையை அடைக்கும்.

காற்றில் சாய்வது இதற்கு நேரெதிர்த் தொல்லை, எடை போதவில்லை. உள்ளே கல்லை நிரப்பத் தோன்றும். உயரமான, ஒடுங்கிய தொட்டியில் ஒரு செங்கல் போடுவதில் தப்பில்லை, ஓட்டையை மறைக்காமல் ஓரமாக வையுங்கள். தட்டைத் தொட்டியில் வேண்டாம். அதைவிடத் தொட்டிகளை நெருக்கி, ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து நிறுத்துவது சுலபம்.

## அடுத்த தொட்டி வாங்கும்போது

திருப்பிப் பாருங்கள். ஓட்டைக்குள் விரலை விட்டு, மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள். அடியில் சின்னக் கால்களோ பள்ளங்களோ இருந்தால் நல்லது, வெளியே வந்த தண்ணீர் ஓடிப்போக அவைதான் வழி. ஓட்டை பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் மேலே இருந்தால் அந்த இரண்டு விரலுக்கும் தண்ணீர் நிற்கும். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று எண் இருந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், துளைப்பது எளிது. சுவரை இரு பக்கமும் அமுக்கிப் பாருங்கள், தகரடப்பா மாதிரி டொப்பென்று உள்ளே போனால் வேண்டாம். புற ஊதாத் தடுப்பு சேர்த்தது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கறுப்பு நிறம் ஓரளவு தாங்கும், அதில் இருக்கும் கார்பன் கரியே ஒரு தடுப்பு. ஆனால் சூட்டைப் பற்றி மேலே சொன்னதை மறக்காதீர்கள்.

வாய் ஒடுங்கி வயிறு பெருத்த குடுவை வடிவத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கை நீளும். வாங்குகிறேன், ஆனால் அதற்குள் நேராகச் செடி வைப்பதில்லை. வேர் வளர்ந்தபின் வாய் வழியாக வேர்ப்பந்து வராது, தொட்டியை உடைக்க வேண்டும் அல்லது வேரை அறுக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் செடியை வைத்து, அதை வாயில் இறக்கி உட்காரவைத்துவிடுகிறேன். குடுவையின் அடியிலும் ஐந்து ஓட்டை போட்டிருக்கிறேன்.